கர்ரூபாவிலிருந்து வருகிறவர்

ஹாயெத் அக்கா எங்கள் நகல் கடைக்குள் வந்தார். காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து ரப்பர் செருப்பைக் கழற்றி ஒரு பையில் சுருட்டிக்கொண்டு, இன்னொரு பையிலிருந்து கறுப்பு ஷூவை எடுத்தார்.

“மழையா அக்கா?” என்று கேட்டேன்.

“உங்க பக்கம் மழை. எங்க பக்கம் சேறு.”

“துடைச்சுக்கிட்டா போதுமே.”

“அது போகாது கண்ணு. எங்க மண்ணு வேற நிறம். ஓரத்துல துளி ஒட்டியிருந்தாலும் எந்த இடம்னு கண்டுபிடிச்சுடுவாங்க.”

“வேலை கேட்டுப் போனா காலையா பார்க்கிறாங்க?”

“கையைப் பார்த்திருந்தா எனக்கு என்னிக்கோ வேலை கிடைச்சிருக்கும்.”

எழுந்து நின்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். “இப்ப சொல்லு. எந்த ஊர்க்காரி மாதிரி இருக்கேன்?”

“தெரியலையே.”

“அது போதும்.” ரப்பர் செருப்புப் பையை என் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார்.

பிற்பகலில் திரும்பி வந்து அதே காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தார். வேலைக்குப் பேட்டி எடுத்த அதிகாரி நல்ல மனிதராம். சான்றிதழைப் பார்த்துப் பாராட்டினாராம், தேநீர் கூடக் கொடுத்தாராம். பிறகு எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

“கர்ரூபான்னேன். ‘அப்படியா’ன்னாரு. அப்படியாக்கு அப்புறம் ஒண்ணும் வராது. நாலு ஆபீஸ்ல கேட்ட அப்படியாதான்.”

ட்யூனிஸ் நகர ரயிலடிக்கு எதிரே, நகல் எடுத்து, அரபியிலும் பிரெஞ்சிலும் விண்ணப்பம் அடித்துத் தரும் கடையில் நான் வேலை பார்க்கிறேன். ஹாயெத் அக்காவுக்கு முப்பத்தொன்பது வயது. தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்சார வேலை படித்து வகுப்பில் இரண்டாவதாக வந்தவர். முதலாவதாக வந்த பையன் ஜெர்மனிக்குப் போய்விட்டான். மூன்றாவது, நான்காவது, பதினோராவது ஆட்களெல்லாம் நகரத்தின் ஓரத்தில் ஏழைகள் குடியிருக்கும் கர்ரூபாவை ஒட்டினாற்போல் இருக்கும் தொழிற்பேட்டையில் காருக்கான மின்கம்பித் தொகுதிகள் செய்யும் ஆலையில் இருக்கிறார்கள். அந்த ஆலையின் பின்சுவர்தான் ஹாயெத் அக்கா வீட்டு முற்றத்தின் முன்சுவர்.

அக்கா வீட்டிலேயே பழுது பார்க்கிறார். மின்விசிறி, மிக்ஸி, துணி துவைக்கும் இயந்திரம், எதுவானாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார். “மோட்டார் இல்ல, வயருதான்” என்று திறக்காமலே சொல்லிவிடுவார். மின்சாரம் சோதிக்கிற திருப்புளியை முக்காட்டு ஊசிக்குப் பக்கத்தில் செருகியிருப்பார். தேடும்போது மட்டும் அது அங்கே இருப்பது நினைவுக்கு வராது. வேலை பார்க்கும்போது ஹரிஸ்ஸா மிளகாய் விழுது தடவிய ரொட்டியை இடது கையில்தான் பிடிப்பார். வலது கைக்கு எண்ணெய் ஆகாதாம். ஆலைக்காரர்கள் சுவருக்கு வெளியே கொட்டும் கம்பித் துண்டுகளைப் பொறுக்கி நிறவாரியாகப் பழைய பால்மாவு டின்களில் அடுக்கி வைத்திருக்கிறார். சந்தில் உள்ள பாதித் தொலைக்காட்சிகள் அதில்தான் ஓடுகின்றன. “அவங்க குப்பை எங்க வீட்டுக்குள்ள வரலாம். நான்தான் அங்க போகக் கூடாது” என்பார், சிரித்துக்கொண்டே.

எங்கள் கடை லேமினேஷன் இயந்திரம் கெட்டுப்போனபோது அதைத் தூக்கிக்கொண்டு கர்ரூபாவுக்குப் போனேன். ஆலையில் காலை ஷிஃப்ட் மாறுகிற நேரம். சுவருக்கு அப்பால் பேருந்துகள் வந்து நின்றுகொண்டிருந்தன. தலையை நிமிர்த்தாமலே, சத்தத்தை வைத்து, எது எந்த ஊர்ப் பேருந்து என்று சொன்னார். இரண்டு மணி நேரப் பயணத்தில் வருகிறவர்களும் உண்டு. “பாவம், இருட்டுல எந்திரிச்சு வருதுங்க. நான் இந்தச் சுவரைத் தாண்டிக் குதிச்சா ஒரு நிமிஷம்.”

அன்று பக்கத்து வீட்டு மோஞ்ஜியாவின் ரேடியோ பழுதாகி வந்திருந்தது. அக்கா அதன் முதுகைத் திறந்து வைத்துத் தட்டினார். பேசத் தொடங்கிவிட்டது. பேசியவர் அந்த ஆலையின் மேலாளர். ஏற்றுமதி கூடியிருக்கிறது, நான்காவது உற்பத்தி வரிசைக்கு இயந்திரங்கள் வந்து இறங்கிவிட்டன, பயிற்சி பெற்ற ஆட்கள் கிடைக்காததால் ஓடாமல் நிற்கின்றன என்றார்.

“இங்க இருக்கோம்யா!” என்றார் அக்கா ரேடியோவைப் பார்த்து.

“இன்னும் உரக்கக் கத்து. அவருக்குக் கேக்கும்” என்றாள் மோஞ்ஜியா.

“கேக்காதுடி. இது வாங்கிக்கிற பெட்டி. திருப்பி அனுப்பாது.”

மூவரும் சிரித்தோம். எனக்குத்தான் முதலில் சிரிப்பு நின்றது.

இந்த வசந்தத்தில் அந்த இயந்திரங்களைப் பெட்டி கட்டித் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வேறு ஏதோ நாட்டில் ஓடப்போகின்றனவாம். அக்கா டின்களை அடுக்கி, மேலே ஏறி நின்று, லாரிகள் போகிறவரை பார்த்தாராம். நான்காவது வரிசை வந்தால் இன்னொரு அடுப்பு போடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்த சந்துமுனை ரொட்டிக்காரர் இப்போது அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

அதற்கு முன்பு, அந்த வரிசைக்கு ஆள் எடுத்தபோது ஹாயெத் அக்காவின் விண்ணப்பத்தை அடித்தது நான்தான். கடைசி நாள். கடையில் வேறு யாருமில்லை. பெயர், பிறந்த தேதி, படிப்பு எல்லாம் முடிந்து விலாசத்துக்கு வந்தோம். அக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“கண்ணு, ஒண்ணு கேக்கலாமா? உன் வீட்டு விலாசத்தைப் போட்டுக்கட்டுமா? கடிதம் வந்தா எடுத்து வை, அவ்வளவுதான். அடையாள அட்டையைக் கடைசியாத்தான் கேப்பாங்க. அதுக்குள்ள என்னை ஒரு மேசையில உக்கார வச்சு வேலையைப் பார்த்துட்டாங்கன்னா, அப்புறம் எங்க இருந்தா அவங்களுக்கு என்ன?”

ட்ராம் பாதையின் மறுகோடியில், மரங்கள் உள்ள தெருவில் எங்கள் வீடு. அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அப்பா இதற்கெல்லாம் மறுப்புச் சொல்கிறவர் அல்ல. அன்றைக்குத்தான் கடைசி நாள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“வேண்டாம், விடு. கர்ரூபான்னே அடி. பதினேழாம் சந்துன்னும் போடு” என்றார். நான் அடித்தேன். “எழுத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசாக்கு.”

பெரிதாக்கினேன். திரையில் அந்த வரியின் கீழே விரலை வைத்துக்கொண்டு, “இன்னும்” என்றார்.