மூடி வைத்த தாள்

சொந்தத் தொழில் தொடங்கச் சொல்லிக் கொடுத்த மாத்தளை வகுப்பில் என் பக்கத்து நாற்காலி தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தியுடையது. ஒல்லி உடம்பு, விரல்களில் கொழுந்துக் கறை. திட்டம் எழுதத் தந்த தாளை மூன்று நாளும் முந்தானையால் மூடியே வைத்திருந்தாள். ஆசிரியர் அருகே வந்தால் இன்னும் இழுத்து மூடுவாள்.

"என்ன புள்ள, ஒன் யோசனைய நான் களவெடுத்துருவேனா?" என்று சீண்டினேன். சும்மா இருக்காமல் முந்தானையை விலக்கியும் பார்த்தேன். தாளில் ஓர் எழுத்துகூட இல்லை.

"சாதிக்காய் அச்சாறு போட்டு விக்க ஆசை, பெரியம்மா. எழுதிட்டா செய்யணும். செஞ்சா கொழுந்தெடுக்கப் போக ஏலாது. தோட்டத்துல பேர வெட்டுனா அவங்க குடுத்த லயத்து வீடும் போயிரும். அச்சாறு விலை போகாட்டி புள்ளைங்களோட எங்க படுக்கிறது?"

"எழுதுனதெல்லாம் நடந்தா நான் இந்நேரம் கார்ல வந்திருப்பேனே. எழுது புள்ள!" என்றேன்.

சிரித்துவிட்டாள். என் பேனாவை வாங்கி ஒரே வரி எழுதி, தாளை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு இரத்தோட்டை பஸ்ஸுக்கு ஓடினாள். பேனாவும் அவளோடு போயிற்று.

இப்போது கடைக்குக் கடை ஊறுகாய்ப் போத்தல்களுக்கு நடுவே சாதிக்காய் அச்சாறு இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருந்தால், அவள் வீடு என்ன ஆனதோ என்று பயம். இல்லாவிட்டால், போட்டும் விலை போகவில்லையோ என்று அதுவும் பயம்தான். எழுதச் சொன்னது நான்தானே.