குளிரில்லாத ஊரில் ஹீட்டர் பிளக்

ஃபேன் இல்லாமல் தூங்க முடியாத ஊரில் ஹீட்டர் விற்றுப் பிழைக்கிறவனைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தமானில், கராச்சர்மாவில் பழைய டீசல் வண்டிகளுக்கு ரிப்பேர் ஷெட் வைத்திருக்கும் அடியேன்தான் அவன்.

பழைய டீசல் ஜீப்பைக் கட்டிக்கொண்டு அழும் சக பாவிகளுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் கிடையாது. காற்றை அமுக்கிச் சூடாக்கி, அதில் டீசலைப் பீய்ச்சினால் பற்றிக்கொள்ளும். ஆறிப்போன பழைய எஞ்சினில் அந்தச் சூட்டை இரும்பே குடித்துவிடும். அதனால்தான் சிலிண்டருக்கு ஒன்றாக விரல் நீளத்தில் ஒரு ஹீட்டர் பிளக். சாவியைப் பாதி திருப்பினால் டாஷ்போர்டில் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்ய வேண்டும், ஊட்டியானாலும் சரி, அந்தமானானாலும் சரி.

இதை யாரும் நம்பவில்லை என்பதற்காக 'ஹீட்டர் பிளக் ஸ்பெஷலிஸ்ட்' என்று மூன்று பாஷையில் போர்டு மாட்டினேன். விளைவு, முப்பத்துநாலு வயசாகியும் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மூன்று பெண் வீட்டார் போர்டைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். மூன்றாவது பெண்ணின் சித்தப்பா என் அம்மாவிடம் காரணத்தையும் சொல்லிவிட்டுப் போனார்: "பையன் தங்கமான பையன்தான்க்கா. ஆனா இந்த ஊர்ல ஹீட்டர் விக்கிறான்னா, மண்டையில ஏதோ சரியில்லையோன்னு பயமா இருக்கு."

ஜீப்புக்குப் பிடிக்காத வீடு

எங்கள் ஊரே மேடும் பள்ளமும்தான். ராத்திரி வண்டியை மூஞ்சி கீழே பார்க்கச் சரிவில் நிறுத்துவார்கள். காலையில் பிரேக்கை விட்டு, உருட்டி, கிளட்ச்சை விட்டால் ஸ்டார்ட். நாலு பிளக்கும் செத்துப் பத்து வருஷமானாலும் தெரியாது.

சண்முகம் சார் மதுரைக்காரர், அரசாங்க ஆபீஸில் ஹெட் கிளார்க். சரிவில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து, பத்துபஸ்தியில் பந்தை வைத்தால் நகராத சமதளத்தில் குடியேறினார். மறுநாளிலிருந்து ஜீப் கிளம்பவில்லை. வாஸ்து பார்த்தார், எலுமிச்சம்பழம் நசுக்கினார், வாசலைக்கூட மாற்றிப் பார்த்தார். கடைசியில் என்னிடம் வந்தார். நாலு பிளக்கையும் கழற்றிக் கையில் கொடுத்து, கரிக்கட்டையாகிவிட்டன என்று அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, யாரையும் ஹிந்தியில் அண்ணனாக்கி பாய், பையா என்று கூப்பிடும் எங்கள் ஊர் வழக்கத்தில் சொன்னார்: "ஹீட்டர் கீட்டர் எல்லாம் வேணாம் பாய். சரிவுல வேற வீடு காலியா இருந்தா பாத்துச் சொல்லு."

மஞ்சள் விளக்குக்குப் பொட்டு

லலிதா டீச்சரின் வண்டியில் நாலு பிளக்கும் அருமையாக வேலை செய்தன. ஆனாலும் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றார். உட்கார்ந்து பார்த்தேன். சுருள் விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் மெரூன் நிறத்தில் பெரிய ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது. விளக்கு அணையும்வரை காத்திருக்காமல் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். ஏன் டீச்சர் என்றேன். "மஞ்சளா எரிஞ்சா ஏதோ கம்ப்ளைண்ட்னு தோணுது பையா. எரியறது தெரியலைன்னா மனசு நிம்மதியா இருக்கு."

மங்கி குல்லா

சுப்பையா அண்ணன் சிலோன் மலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயசில் குடும்பத்தோடு இங்கே வந்தவர். ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். நான் சொன்னதை நம்பிய ஒரே வாடிக்கையாளர் அவர். எஞ்சின் ஆறிக் கிடக்குது அண்ணே, சூடுபடுத்தணும் என்றேன். உடனே தலையாட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் ஜீப் கறுப்புப் புகை கக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தது. பானெட்டின் மேல் கம்பளி. கயிறு போட்டு இறுக்கக் கட்டியிருந்தார். பானெட்டைத் திறந்தால் ஏர் ஃபில்டரின் வாயில் ஒரு மங்கி குல்லா, காதுமூடியோடு. எஞ்சின் மூச்சுத் திணறிச் சாகக் கிடந்தது. நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். அண்ணன் அசரவில்லை: "எங்க தோட்டத்துல பனிக் காலத்துல மனுசனுக்கே இப்பிடித்தான் செய்வாங்க. குளிருதுன்னு நீதானே தம்பி சொன்ன?"

இரவல் பிளக்

இதற்கிடையே நாலாவது வரன் வந்தது. பாராடாங் தீவில் முத்தையா என்ற காண்ட்ராக்டரின் மகள், கலைவாணி. போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வரச் சொன்னார்கள், பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பிப்பதற்குள். அப்படியானால் ஜிர்காடாங் கேட்டிலிருந்து முதல் கான்வாயைப் பிடித்தே ஆக வேண்டும். பழங்குடிகள் வாழும் காட்டு வழி என்பதால் தனி வண்டி போக முடியாது, எல்லாம் போலீஸ் காவலில் ஒரே வரிசையாகத்தான் போகும். அடுத்த கான்வாயில் போனால் ராகுகாலத்தில் இறங்க வேண்டியதுதான். இதுவும் தவறினால் சாமியாராகப் போய்விடு என்று அம்மா சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் சுப்பையா அண்ணன் நாலு பேரை விட்டு ஜீப்பைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். விடிந்தால் பேத்திக்குக் காது குத்து, ஜீப் கிளம்பவில்லை. மெயின்லேண்டிலிருந்து பிளக் வர வேண்டிய கப்பல் வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் என் சொந்த ஜீப்பின் நாலு பிளக்கையும் கழற்றி அவர் வண்டியில் மாட்டிவிட்டு, ஓட்டையை அடைக்க அவருடைய செத்த பிளக்குகளை என் வண்டியில் மாட்டிக்கொண்டேன். என் வீடுதான் சரிவில் இருக்கிறதே! ஊருக்கெல்லாம் பாடம் நடத்திய வாயால் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணன் நெகிழ்ந்துபோய்ப் பின் சீட்டிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார்: "உனக்கு ஒரு குறையும் வராது தம்பி. வேணும்னா இந்தக் கம்பளிய வச்சிக்க."

ஜிர்காடாங் வரிசை

விடியுமுன் வீட்டிலிருந்து உருட்டிக் கிளப்பினேன். ஜிர்காடாங்கில் வரிசையில் இடம் பிடித்து எஞ்சினை அணைத்தபோதுதான் தரையைப் பார்த்தேன். தோசைக்கல் மாதிரி சமதளம். மேலே விடாத தூறல். இரண்டு மணி நேரத்தில் எஞ்சின் நன்றாக ஆறிவிட்டது.

கேட் திறந்தது. முன்னால் நின்ற வண்டிகள் நகர்ந்தன. என் ஜீப் வெள்ளைப் புகையாக விட்டது, அவ்வளவுதான். பின்னாலிருந்து ஒரே ஹாரன். கலைவாணியின் போட்டோ கண் முன்னால் வந்து வந்து போனது. பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாய்மாமா இறங்கினார். பின்னால் நின்ற டிரைவர்களும் தள்ள வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் நான் ஹீட்டர் பிளக் பற்றிப் பிரசங்கம் செய்து அனுப்பியவர்கள். ஜீப் உறுமிக் கிளம்பிய நேரத்தில் ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டினார்: "க்யா ஸ்பெஷலிஸ்ட் பாய், அந்தமான்ல குளிர் எங்கேருந்து வந்துச்சு?"

முத்தையா மாமா காட்டிய இடம்

காட்டைத் தாண்டியாயிற்று. பாராடாங் போகும் ஃபெர்ரியில் ஏறியதும் எஞ்சினை அணைக்கச் சொன்னார்கள். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன், நடக்கவில்லை. தூறலிலும் கடல் காற்றிலும் எஞ்சின் மறுபடி ஆறிவிட்டது. அக்கரையில் டெக்கிலிருந்து வண்டியைத் தள்ளித்தான் இறக்கினோம். டூரிஸ்டுகள் போட்டோ எடுத்தார்கள். எங்களை வரவேற்கப் பெண் வீட்டார் மொத்தப் பேரும் படகுத்துறையில் நின்றிருந்தார்கள். அம்மாவின் புடவையில் கரி.

வீட்டு வாசலில், அதுவும் சமதளத்தில், ஜீப்பை நிறுத்தி, பழக்க தோஷத்தில் எஞ்சினையும் அணைத்துவிட்டேன். காபி வந்தது. அப்பாவின் டீசல் வண்டிகளோடு வளர்ந்த கலைவாணி நேராகவே கேட்டாள், உங்கள் வண்டியில் நல்ல பிளக் எங்கே என்று. ஒருவர் வீட்டுக் காது குத்துக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டேன் என்றேன். அவள் சிரிப்பை அடக்க டம்ளரால் வாயை மறைத்துக்கொண்டாள். தாய்மாமா கடிகாரத்தைப் பார்த்தார். ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

முத்தையா தொண்டையைக் கனைத்துவிட்டு எதிரே இருந்த இறக்கத்தைக் காட்டினார். "தம்பி, வண்டிய அந்தச் சரிவுல கொண்டுபோய் நிறுத்திருங்க. பேச்சு ஒத்துவரலைன்னா கெளம்பத் தோதா இருக்கும்."

சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். இதுவும் போயிற்று என்று வாசலைப் பார்த்து நடந்தேன். கதவருகே இருந்து கலைவாணியின் குரல் வந்தது: "வேணாம்ப்பா. அது சமதளத்துலயே நிக்கட்டும்."

கல்யாணமாகி இரண்டு வருஷமாகிறது, ஜீப்பில் நாலு பிளக்கும் பிரமாதமாக வேலை செய்கின்றன, சாவிதான் அவளிடம் இருக்கிறது.