போட்டுக் கேட்க முடியாத பிளேட்

போன மாதம் சிதம்பரத்தின் கடையில் ஒரு வினோதமான பஞ்சாயத்து. பாடியவரே நேரில் வந்து தன் கிராமபோன் பிளேட்டைப் போடச் சொல்கிறார். கடைக்காரர் போட மாட்டேன் என்கிறார். நடுவில் நான்.

சிதம்பரம் புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் சைக்கிளும் கிராமபோனும் விற்பவர். உலக யுத்தம் வந்த பிறகு சைக்கிள் வருவதில்லை. கிராமபோன் ஊசிகூட அருமையாகிவிட்டது. பிளேட்டுகள் மட்டும் எப்படியோ வந்துகொண்டிருக்கின்றன. சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்தால் செலவில்லாமல் பாட்டுக் கேட்கலாம் என்பதால், நான் தவறாமல் ஆஜராகிவிடுவேன்.

அங்கே ஓர் அதிசயம் — விற்பதில் பாதிக்கு மேல் பெண்கள் பாடிய பிளேட். ராகம் ஆலாபனை செய்யும் கச்சேரிக்காரர், நாடகத்தில் ராஜகுமாரியாக வந்து டூயட் பாடுகிறவர், பஜனைப் பாட்டுக்காரர், சிரிப்புப் பாட்டிலேயே பேர் வாங்கியவர், வாயே திறக்காமல் வீணை வாசிக்கிறவர்... எத்தனை ரகம்! தன் வீட்டுப் பெண் வாசலில் நின்று ஒரு வரி முணுமுணுத்தால் முறைக்கிற பெரிய மனிதர்கள்தான் வந்து வாங்கிப் போகிறார்கள். கேட்டால், இது பிளேட்டுதானே என்கிறார்கள். பிளேட்டுக்குப் பெண்பிள்ளை என்ற கட்டுப்பாடு கிடையாது போலிருக்கிறது.

பஞ்சாயத்துக்கு வருகிறேன்.

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் ஆலங்குடி பஸ்ஸில் வந்து இறங்கிய ஓர் அம்மாள், கடைப் படியிலேயே நின்றபடி தன்னுடைய பிளேட் வந்திருக்கிறதா என்று கேட்டார். பெயர் வெள்ளையம்மாள். கடலைக் காட்டிலும் நெல் வயலிலும் கூலி வேலை. பிளேட் கம்பெனி ஏஜெண்டு ஒருவர் கிராமத்துப் பாட்டுத் தேடிப் போனபோது இவர் குரலைக் கேட்டு மெட்ராஸுக்கு அழைத்துப் போயிருக்கிறார். ஒரு பக்கம் நடவுப் பாட்டு, மறுபக்கம் ஒப்பாரி.

அந்தப் பிளேட் மாதக்கணக்காக இங்கேதான் கிடக்கிறது. ஒன்றுகூடப் போகவில்லை.

ஏன்? போட்டுக் கேட்காமல் யாரும் பிளேட் வாங்குவதில்லை. ஒப்பாரியைப் போட்டுக் காட்டினால் கடை விளங்குமா? நடவுப் பாட்டை மட்டும் போடலாம்தான். சிதம்பரம் போட்டும் பார்த்தார். தலையை ஆட்டி ரசித்தவர்கள் எல்லாம் பிளேட்டைத் திருப்பி மறுபக்கம் என்னவென்று படித்ததும், நெருப்பைத் தொட்ட மாதிரி கீழே வைத்துவிட்டார்கள். ஒப்பாரியை விலைக்கு வாங்கி வீட்டில் வைக்க யாருக்குத் துணிச்சல்?

வெள்ளையம்மாளுக்கு விற்பனையைப் பற்றிக் கவலை இல்லை. அந்த ஒப்பாரியை ஒரு தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான். நடவுப் பாட்டைப் போடுகிறேன் என்றார் சிதம்பரம். அதைத்தான் வயலில் பாடுகிறேனே என்றுவிட்டார் அவர்.

ஒப்பாரியில் மட்டும் என்ன அக்கறை? நான்தான் விசாரித்தேன்.

அவருடைய அக்காவைக் கடலோரக் கட்டுமாவடியில் கட்டிக் கொடுத்திருந்தது. அக்கா செத்த தகவல் கிடைத்து, இவர் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஊரில் எந்தச் சாவு என்றாலும் பாடுவதற்கு முதலில் கூப்பிடுவது இவரைத்தான். சொந்த அக்காவுக்குப் பாடக் கொடுத்து வைக்கவில்லை. பிறகுதான் மெட்ராஸ் பயணம். ஒப்பாரி பாடு என்றார்கள். யாரும் சாகாமல் எப்படிப் பாடுவது? அக்காவை நினைத்துக்கொண்டு பாடிவிட்டார்.

"அக்காவுக்கு நான் பாடுனது அது ஒண்ணுதாங்க. என்னா பாடுனேன்னுகூட ஞாபகமில்லைங்க" என்றார்.

சிதம்பரம் நல்ல மனிதர். கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கை கிராமபோன் பக்கம் போகவில்லை. என்னைப் பார்த்தார். என் வீட்டிலும் ஒரு கிராமபோன் உண்டு. சகுனம் பார்ப்பவர்களைக் கிண்டல் செய்து இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் நான் எழுதியதை அவர் படித்திருக்கிறார். என் மனைவியும் படித்திருக்கிறாள்... ஆனால் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிற வீட்டில் அந்தக் கட்டுரை செல்லுபடியாகாது. நான் தெருவை வேடிக்கை பார்த்தேன்.

ஒப்பாரியை எங்கேதான் போடலாம்? சாவு வீட்டில் போடலாம்!

வழி பிறந்தது. அடுத்த வாரமே அரிமளத்தில் சிதம்பரத்தின் பெரியப்பா காலமானார். மூத்த மகன் மதுரையிலிருந்து வர வேண்டும், சாயங்காலம்தான் எடுப்பார்கள் என்றதும், சிதம்பரம் ஆலங்குடிக்கு ஆள் அனுப்பி வெள்ளையம்மாளை வரவழைத்துவிட்டார். கடையிலிருந்து ஒரு கிராமபோனும் அந்தப் பிளேட்டும் வந்து சேர்ந்தன. துக்கம் கேட்க நானும் போயிருந்தேன்.

பெரியப்பாவுக்குப் பெண் மக்கள் இல்லை. மனைவியும் முன்பே போய்விட்டார். கூடியிருந்த பெண்கள் கொஞ்சம் அழுதுவிட்டு ஓய்ந்திருந்தார்கள். நிறைய வயதாகி, பேரன் பேத்தி பார்த்துப் போனவருக்கு எவ்வளவுதான் அழுவது?

பாடுகிறவளே வந்திருக்கும்போது மெஷின் எதற்கு என்று ஒருவர் கேட்டார். மொதல்ல அது பாடட்டுங்க, பெறகு நான் பாடுறேன் என்று கேட்டுக்கொண்டார் வெள்ளையம்மாள். சிதம்பரம் சாவி கொடுத்து, ஊசியை வைத்தார்.

"கடலோரம் வாக்கப்பட்ட என் அக்கா — ஒன்
கால் தொட வருமுன்னே போயிட்டியே என் அக்கா..."

கிடத்தியிருப்பதோ மீசைக்காரப் பெரியப்பா. பிளேட்டோ அக்கா, அக்கா என்று கூப்பிடுகிறது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்... சிரிப்பை மறைக்க.

அந்த முந்தானை அப்படியே கண்ணுக்குப் போனது. அவளுக்கும் ஓர் அக்கா இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்தவள் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டு அழ ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் வீடே அழுதது. பெரியப்பாவுக்காக அழுதவர்கள் எத்தனை பேர் என்பது சந்தேகம்தான்.

வெள்ளையம்மாள் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாட்டோடு அவர் வாய் அசையவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு, மூச்சுத் திணறத் திணற அழுதார். மூன்று நிமிஷத்தில் பாட்டு முடிந்து, பிளேட் வெறுமனே கரகரவென்று சுற்றியது. ஊசியை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பெரியப்பாவுக்கு முறைப்படி பாடினார். கணீரென்று பாடினார். அப்போது அவர் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, பிளேட்டில் உங்கள் குரல் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

"பாடுறவ அழுகக் கூடாதுங்கய்யா" என்றார். "அழுதா தொண்டை அடைச்சிரும், பாட்டு வராது. மெட்ராசுலயும் அழுகாமத்தான் பாடுனேன். இன்னைக்கு அது பாடுச்சு... நான் அழுதேன்."

ஊருக்கெல்லாம் பாடுகிற வெள்ளையம்மாள் தன் அக்காவுக்கு அழ, இன்னொரு வெள்ளையம்மாள் தேவைப்பட்டிருக்கிறார்.