விரலிடுக்கில் தடிப்பு

"கையைக் காட்டுங்க அண்ணி."

"கொசு கடிச்சிருக்கும்மா."

"விரலிடுக்கைத் தேடிப் பிடிச்சுக் கடிக்க, கொசுவுக்கு அங்க என்ன வேலை?"

நாத்தனார் சிரித்து மழுப்பினாள். அவள் மடியிலிருந்த குழந்தையைத் தம்பி மனைவி வெடுக்கென்று தூக்கிக்கொண்டாள்.

தம்பி வீட்டோடு தங்கியிருந்த நாத்தனாருக்கு முதியோர் இல்லத்தில் வேலை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் குளிப்பாட்டித் துடைத்துவிடுவாள். ஒரு நாளும் முகம் சுளிக்காதவள் என்று அங்கே பேர். அரிப்பும் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று தம்பி மனைவிக்குப் பட்டது. நாத்தனாரின் துண்டைத் தனியே போட்டாள். குழந்தையை நாத்தனாரின் அறைப் பக்கமே விடவில்லை. மறுநாள் நாத்தனார் வீட்டை விட்டுக் கிளம்பத் துணிமணியைப் பையில் அடுக்கினாள்.

"முதல்ல டாக்டர்கிட்ட காட்டலாம்" என்று தம்பி எல்லாரையும் கூட்டிப்போனான்.

தடிப்புகளைப் பார்த்ததும் டாக்டர் சொன்னார்: "இது சொறி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள்ள இருக்கு. குளிக்காததால வர்றதில்ல. வீட்டுல எல்லாரும் ஒரே நாள்ல கழுத்துலேருந்து கால்வரைக்கும் மருந்து பூசணும்."

"எனக்குத்தான் அரிப்பே இல்லையே?" என்றாள் தம்பி மனைவி.

"ஒட்டிக்கிட்டுச் சில வாரம் கழிச்சும் அரிக்கலாம்."

தன்னிடமிருந்தே குழந்தைக்கு ஒட்டியிருக்கலாம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

வீடு திரும்பியதும் படுக்கை விரிப்புகளைச் சுடுநீரில் போட்டாள். நாத்தனாரின் பையையும் தானே அவிழ்த்து, அந்தத் துணிகளைத் தன் துணிகளோடு சேர்த்தே ஊறவைத்தாள்.

சாயங்காலம் நாத்தனார் மருந்து டியூபோடு தம்பி மனைவியின் அறை வாசலில் தயங்கி நின்றாள்.

"முதுகுக்கு எனக்குக் கை எட்டல. அருவருப்பா இல்லேன்னா, நீ கொஞ்சம் பூசி விடறியா?"