மஞ்சள் மண்ணுக்குக் கீழே அரை மீட்டர்

வேலையிடத்தில் எல்லோரும் அவளை மண்ணக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீடோ சாலையோ கிடங்கோ, எது எழும்புவதாக இருந்தாலும் அஸ்திவாரம் தோண்டும் முன் அந்த நிலத்தில் அங்கங்கே குழி வெட்டி, பழங்காலத்து மனிதர்கள் விட்டுப்போனது ஏதாவது அடியில் இருக்கிறதா என்று பார்த்து எழுதிக் கொடுப்பது அவள் வேலை. ஏதாவது இருந்தால் கட்டட வேலை நின்றுவிடும். பதினெட்டு வருடமாக இதே பிழைப்பு. செருப்பு வாங்கிய மறுநாளே பழசாகிவிடும். "உன் கையைப் பிடிச்சா கொத்தனார் கையைப் பிடிச்ச மாதிரி இருக்கு" என்பான் பஸ் ஓட்டும் கணவன். "உங்க கையைப் பிடிச்சா ஸ்டியரிங்கைப் பிடிச்ச மாதிரி இருக்கு. நான் ஏதாவது சொன்னேனா?" என்பாள் அவள்.

இந்த முறை வந்த நிலம் மட்டும் அவளைப் படுத்தி எடுத்தது. ஆற்றை ஒட்டிய ஆறு ஏக்கர். அங்கே வரப்போகும் குடியிருப்பில் வீடு ஒதுக்கியவர்கள் பட்டியலில் அவள் தங்கை பெயரும் இருந்தது. தங்கை, அவள் கணவன், இரண்டு பெண்கள் என்று நாலு பேர் ஏழு வருடமாக ஒற்றை அறையில் காலம் தள்ளுகிறார்கள். பெரியவள் பரீட்சைக்குப் படித்தால் சின்னவள் மாடிப்படியில் போய் உட்காருவாள்.

"தங்கச்சிக்கு வீடு வர்ற நிலம் சார். வேற யாரையாவது அனுப்புங்க" என்று மேலதிகாரியிடம் சொல்லிப் பார்த்தாள்.

"வேற யாரு இருக்கா? நீ பொய் எழுத மாட்டேன்னு எல்லாருக்கும் தெரியும், போ" என்று அவர் வாயை அடைத்துவிட்டார்.

மொத்தம் பத்துக் குழிகள். ஒன்பதிலும் ஒரே கதைதான். மேலே குப்பை, அடுத்து கருமண், இடுப்பளவு ஆழத்தில் மஞ்சள் களிமண். அந்த வட்டாரத்தில் மஞ்சள் வந்துவிட்டால் அது கன்னி மண், மனிதக் கை படாத மண், அதற்குக் கீழே ஒன்றும் இருக்காது என்று கணக்கு. விதிப்படி அதிலும் அரை மீட்டர் இறங்கிப் பார்க்க வேண்டும். யாரும் இறங்குவதில்லை. மஞ்சளைக் கண்டதும் படம் எடுத்துக்கொண்டு ஏறிவிடுவார்கள். அவளும் ஏறிவிட்டாள். ஒன்பது தாளிலும் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதியாயிற்று.

பத்தாவது குழியில் பொக்லைன் ஓட்டும் அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"ஏம்மா, இந்த மஞ்சள் சரியில்ல."

"என்னண்ணே, காமாலையா?"

"சிரிக்காத. தானா கிடக்குற களியில பக்கெட் இறங்குனா வண்டி முனகும். இது முனகவே இல்ல. யாரோ கொண்டுவந்து கொட்டுன மண்ணு. முப்பது வருஷமா கொட்டுறவன் சொல்றேன், கேட்டுக்க."

அவள் குழிக்குள் இறங்கிக் குழியின் பக்கச் சுவரைக் கொத்துக் கரணையால் சீவினாள். ஒரே நிறமாக இருக்க வேண்டிய களிமண் திட்டுத் திட்டாக இருந்தது. ஒவ்வொரு திட்டும் ஒரு கூடை அளவு. வெள்ளத்துக்குப் பயந்து யாரோ கூடை கூடையாகக் கொட்டி, மிதித்து, நிலத்தை உயர்த்தியிருக்கிறார்கள். இன்னும் அரை மீட்டர் கீழே கரணை டக்கென்று நின்றது. செங்கல்.

சட்டைப் பையில் போன் அடித்தது. தங்கை.

"முடிஞ்சுதாக்கா? எப்ப காலி பண்ணுவேன்னு வீட்டுக்காரம்மா நச்சரிக்குது."

"நாளைக்குச் சொல்றேன்டி."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"குழிக்குள்ள இருக்கேன்."

"நீ எப்பக்கா வெளிய இருந்தே!"

போனை வைத்துவிட்டு அவள் செங்கல் மேல் ஒட்டியிருந்த மஞ்சளை விரலால் துடைத்தாள். ஒன்பது குழியிலும் மஞ்சளோடு நின்றது பழக்க தோஷமா, இல்லை தங்கைக்கு வீடு வர வேண்டுமே என்ற ஆசையா? அவளுக்கே தெரியவில்லை. அதுதான் நெஞ்சை அறுத்தது.

"அண்ணே, ஒன்பதையும் திரும்பத் திறக்கணும்."

"மூடினதையா? இன்ஜினியர் குதிப்பாரேம்மா."

"குதிக்கட்டும். குழிக்கா பஞ்சம்?"

இன்ஜினியர் குதிக்கத்தான் செய்தார். "மேடம், ஒன்னுமில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

ஆற்றுப் பக்கத்து நாலு குழிகளில் ஒரு தெருவே படுத்திருந்தது. வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், அடுப்புகள், நடுவே ஒரு சாக்கடை. மற்ற ஆறு குழிகளில் வண்டி நன்றாக முனகியது. அங்கே உண்மையிலேயே ஒன்றுமில்லை. தன் தவற்றை அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதினாள்.

"இதையா முதல்ல எழுதுவே?" என்றார் மேலதிகாரி.

"கடைசில எழுதினா யார் சார் படிக்கப் போறாங்க?"

மூன்று கூட்டம் நடந்தது. ஆற்றுப் பக்கத்தை மணல் போட்டு மூடி மைதானமாக விட்டுவிடுவது, கட்டடத்தை மறுபக்கம் தள்ளி ஒரு மாடி கூட்டிக்கொள்வது என்று முடிவானது. ஒரு வீடுகூடக் குறையவில்லை. ஆனால் எட்டு மாதம் தாமதம்.

தங்கை ஒன்பது நாள் போனை எடுக்கவில்லை. பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பெண்களையும் இழுத்துக்கொண்டு நிலத்துக்கே வந்து நின்றாள். குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இதான் வீடா? எங்க ரூமை விடச் சின்னதா இருக்கு."

"அஞ்சாறு பேர் இருந்திருப்பாங்க."

"பாவம். அவங்களும் பெரிய வீடு கேட்டு மனு குடுத்திருப்பாங்க." சிரிப்பு வந்ததும் தங்கைக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. "வீட்டுக்காரம்மாகிட்ட நீயே வந்து பேசு. எட்டு மாசத்துக்கு நான் அந்தப் பேச்சைக் கேக்க முடியாது."

"பேசுறேன்."

"ரிப்போர்ட் வாசிக்கிற மாதிரி பேசாத. கெஞ்சணும்."

பெரியவள் புது வரைபடத்தை ஜீப்பின் முன்பக்கத்தில் விரித்தாள். "பெரியம்மா, எங்க ஜன்னல் எந்தப் பக்கம்?"

"இந்த மைதானத்துப் பக்கம்."

"நாளைக்கு அங்க கட்டடம் கட்டி மறைச்சுட்டா?"

"மறைக்க முடியாது. எழுதிக் குடுத்திருக்கேன்."

தங்கை முறைத்துக்கொண்டே வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்து, சமையலறை எங்கே என்று விரல் வைத்துத் தேட ஆரம்பித்தாள்.