ருவைஸ் வீட்டு வாசல் அலமாரி

அபுதாபிக்கு மேற்கே, ஆலைகள் சூழ்ந்த ருவைஸில் எங்கள் வீடு. கதவைத் திறந்ததும் ஒரு குறுகிய நடை. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். வீட்டுச் சாமான் எல்லாம் வந்து விழுவதும் அங்கேதான். கணவர் ஆலையில் டெக்னீஷியன். அவருடைய சேஃப்டி பூட்ஸ், ஹெல்மெட், எத்தனை முறை துவைத்தாலும் எண்ணெய் வாடை போகாத, கழுத்திலிருந்து கால்வரை மூடும் கவரால். நான் கம்பெனி கிளினிக்கில் நர்ஸ், என் டியூட்டி ஷூ. மகள்கள் இருவரின் ஸ்கூல் பேக், ஈரம் சொட்டும் நீச்சல் உடைகள். போதாததற்கு மணல். புழுதிக்காற்று அடித்த மறுநாள் நடை முழுக்க மாவு சலித்தது போலக் கிடக்கும்.

ஒரு நாள் டியூட்டி முடிந்து, ஒரு கையில் மீன் பையும் மறு கையில் சாவியுமாக உள்ளே வந்தவள் ஹெல்மெட்டில் இடறி விழுந்தேன். முழங்கை சிராய்த்தது. மீன் பூட்ஸுக்குள் போய்விட்டது. பெரியவள் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மம்மி, ஆர் யூ ஓகே?" என்று கேட்டுவிட்டு மறுபடி போனுக்குள் போய்விட்டாள். எழுந்திருக்கும்போதே முடிவு செய்துவிட்டேன், இந்தச் சுவரோடு சேர்த்து ஒரு அலமாரி அடித்தே ஆக வேண்டும் என்று.

கணவருக்கு இதில் விருப்பமில்லை. கம்பெனி வீட்டில் சுவரைத் துளைக்க விடமாட்டார்கள் என்றார். ஹவுசிங் ஆபீசுக்கு நானே அலைந்தேன். அவர்கள் மெயின்டனன்ஸைக் கேள் என்றார்கள். மெயின்டனன்ஸ் ஹவுசிங்கைக் கேள் என்றது. கடைசியில், காலி செய்யும்போது சுவரைப் பழையபடி பூசித் தர வேண்டும் என்று சொல்லி ஒத்துக்கொண்டார்கள்.

படம் நானே வரைந்தேன். கீழே ஆளுக்கொரு செருப்புத் தட்டு, அதன் மேல் உட்கார்ந்து ஷூ மாட்ட ஒரு பலகை, அதற்கும் மேல் பை மாட்டக் கொக்கிகள், உச்சியில் ஊருக்குப் போகும் பெட்டிகள். கவராலுக்கு மட்டும் கதவு போட்ட தனி அறை, காற்றுப் போகத் துளைகளோடு. தச்சர் பெஷாவர்க்காரர். என் ஹிந்தி வார்டு ஹிந்தி. எங்கே வலிக்கிறது, மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்கத் தெரியுமே தவிர பிளைவுட் பற்றிப் பேசத் தெரியாது. அவர் எல்லாவற்றுக்கும் "அச்சா" என்றார். எப்போது வருவீர்கள் என்றால் "கல்" என்பார். ஹிந்தியில் அந்தச் சொல்லுக்கு நாளை என்றும் பொருள், நேற்று என்றும் பொருள். அவர் எந்தக் கல்லைச் சொல்கிறார் என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஒருவழியாகக் கொண்டுவந்து பொருத்தினார். வாசல் கதவு அலமாரியில் இடித்துப் பாதிதான் திறந்தது. கழற்றி எடுத்துப்போய் ஓரத்தை அறுத்து வந்தார். அடுத்து, பூட்ஸ் தட்டுக்குள் நுழையவில்லை. பிள்ளைகளின் ஷூவை வைத்து உயரம் எடுத்திருக்கிறார். மறுபடி கழற்றல், மறுபடி கல். முடித்தபோது நன்றாகவே இருந்தது என்பதை மறுக்க முடியாது. கொக்கிகளுக்கு மேல் ஒவ்வொருவர் பெயரையும் ஒட்டினேன்.

அந்த அலமாரியை என்னைத் தவிர யாரும் தொடவில்லை. பெரியவள் பையைத் தரையில் போட்டாள். கேட்டால், "மம்மி, நான் எகெய்ன் எடுக்கத்தானே போறேன்" என்றாள். கணவரின் பூட்ஸ் தட்டுக்கு ஒரு சாண் தள்ளி, ஒன்று கிழக்கேயும் ஒன்று மேற்கேயும் கிடந்தது. தினமும் நானே எடுத்து உள்ளே வைத்தேன். தினமும் கத்தினேன். அவர் பதில் சொல்லாமல் குளிக்கப் போய்விடுவார். எதிர்த்துப் பேசியிருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

அப்போது ஆலையில் ஷட்டவுன் காலம், இயந்திரங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் நாட்கள், யாருக்கும் லீவு கிடையாது. வழக்கமாக அவருக்கு முன்பே நான் டியூட்டிக்குக் கிளம்பிவிடுவேன். ஒரு நாள் ஷிஃப்ட் மாறி வீட்டில் இருந்தேன். காலையில் நடைக்கு வந்தால், அவர் சுவரில் சாய்ந்து நிற்கிறார், சின்னவள் தரையில் உட்கார்ந்து அவருடைய பூட்ஸுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

"எவ்ரிடே நான்தான் டை பண்றேன் மம்மி," என்றாள் அவள். "அப்பாவால பென்ட் பண்ண முடியல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பஸ் வந்துவிடும் என்று ஹெல்மெட்டை எடுக்கப் போனார். அதுவும் தரையில் கிடந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் கேட்டேன். இடுப்பில் வலி, காலுக்கு இறங்குகிறது, சில மாதங்களாகவே இருக்கிறது என்றார்.

"நான் நர்ஸ்தான? எங்கிட்ட சொல்ல என்ன?"

"நீ கிளினிக்ல எழுதி வச்சிருவ," என்றார். "மெடிக்கல் டெஸ்ட்ல அன்ஃபிட்னு போட்டான்னா கதை முடிஞ்சிரும்லா. ஷட்டவுன் முடியட்டும்னு இருந்தேன்."

ஊரார் இடுப்பையெல்லாம் பார்க்கிறவளுக்கு வீட்டில் இருப்பவரின் இடுப்பு தெரியவில்லை என்பதைவிட, என்னிடமிருந்தே அவர் ஒளித்திருக்கிறார் என்பதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது. வலியோடு இருப்பவரிடம் எரிந்து விழவும் முடியவில்லை.

தச்சரை மறுபடி கூப்பிட்டேன். உட்காரும் பலகையை உயர்த்தச் சொன்னேன். பூட்ஸுக்கும் ஹெல்மெட்டுக்கும் இடுப்பு உயரத்தில் கதவில்லாத தட்டு, பிள்ளைகளின் பொருளெல்லாம் கீழே. பூட்ஸை இவ்வளவு மேலே யார் வைப்பார்கள் என்று அவர் சிரித்தார். "கமர் தர்த், பாய்," என்றேன், இடுப்பு வலி என்று. வார்டு ஹிந்தி அன்றைக்கு உதவியது. சிரிப்பை நிறுத்திவிட்டார். சொன்னபடி மறுநாளே வந்து முடித்துக் கொடுத்தார். லேஸ் இல்லாத, பக்கத்தில் ஜிப் வைத்த சேஃப்டி பூட்ஸ் ஒன்றும் தேடிப் பிடித்தேன்.

ஓய்வு நாளில் அபுதாபிக்குப் போய் வெளி டாக்டரிடம் காட்டினோம். டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, பாரம் தூக்கக் கூடாது, ஏணி ஏறக் கூடாது என்றார். வரும் வழியெல்லாம், சூப்பர்வைசரிடம் சொல்லி லைட் டியூட்டி கேளுங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். சரி என்றார்.

ஷட்டவுன் முடிந்துவிட்டது. அவர் சூப்பர்வைசரிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போது பூட்ஸ் தட்டில்தான் இருக்கிறது, கவரால் அதன் அறையில் தொங்குகிறது. காலையில் பலகையில் உட்கார்ந்து, டாக்டர் கொடுத்த இடுப்பு பெல்ட்டை வெளியே தெரியாதபடி கவராலுக்குள் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏணி ஏறப் போகிறார். லீவுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து சொல்கிறேன் என்கிறார். எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கேட்பதையும் விட முடியவில்லை.