மஞ்சள் மாத்திரையும் மலடிப் பட்டமும்

எண்பதுகளின் நடுவில் கல்யாணமாகி ராஜபாளையம் போனேன். என் கணவர் நூல் மில்லில் ஃபிட்டர். முப்பது வயதுகூட ஆகவில்லை, ஆனால் காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும். வெந்நீரில் குளித்து, கொஞ்சம் நடந்த பிறகுதான் இடுப்பு நிமிரும். மிஷினுக்கு அடியில் குனிந்து கிடக்கிற வேலையால் வந்த பிடிப்பு என்றுதான் நினைத்திருந்தோம். முழங்காலும் வீங்க ஆரம்பித்த பிறகு மதுரைக்குப் போனார். அங்கே ஒரு மூட்டு டாக்டர், இது முதுகெலும்பைப் பிடிக்கிற வாதம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிறது என்று சொல்லி ஒரு மஞ்சள் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீக்கம் வடிந்தது. அடிக்கடி லீவு போடுவதும் நின்றது. என் மாமியார் அந்த டாக்டரைத் தெய்வம் என்றார்.

குழந்தை மட்டும் உண்டாகவில்லை. அதற்கு யார் காரணம் என்று ஒருவரும் யோசிக்கக்கூட இல்லை. நான்தான்.

என் அம்மா வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கேயே ஒரு லேடி டாக்டரிடம் போனேன். ரத்தம் எடுத்தார்கள், கர்ப்பப்பையைச் சுரண்டிச் சோதித்தார்கள், கருக்குழாயில் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். வலி தாங்காமல் கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற நர்ஸ், "இதுக்கே இந்தக் கத்து கத்துனா புள்ள எப்படிப் பெறுவ?" என்றாள். எல்லாம் முடிந்த பின் டாக்டர், "உங்ககிட்ட ஒரு குறையும் இல்லம்மா. அடுத்த தடவை வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அதை வந்து சொன்னதும் மாமியார் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டார்.

"எம் மவனையா? ஏட்டி, அவன் ஆம்பள. அவன என்னத்துக்குச் சோதிக்கணும்?"

என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அடுத்த வருஷம் பேச்சு வேறு பக்கம் போனது. "மகாராஜபுரத்துல ஒரு பொண்ணு இருக்காம். ரெண்டாந்தாரம்னாலும் அவிய வீட்ல சம்மதந்தானாம்" என்று மாமியார், நான் தோசை ஊற்றிப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவரிடம் சொன்னார். "செத்த நேரம் சும்மா இரும்மா" என்றார் அவர். அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தச் செத்த நேரம் கழிந்த பிறகும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவருக்கு முழங்கால் மறுபடியும் வீங்கியது. தனியாக பஸ் ஏற முடியவில்லை என்பதால் மதுரைக்கு நானும் போனேன். டாக்டர் காலை மடக்கிப் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டே கேட்டார்: "பிள்ளைங்க எத்தனை?"

"இல்ல டாக்டர்" என்றேன் நான். "சோதனையெல்லாம் எனக்குத்தான் பண்ணியாச்சு. இவுகளுக்கு ஒண்ணும் பண்ணல."

டாக்டர் பேனாவை வைத்தார். "இந்த மாத்திரை சாப்பிடுறவரைக்கும் சிலருக்கு விந்தணு குறையும்மா. நிறுத்தினா ரெண்டு மூணு மாசத்துல சரியாயிடும்."

"முன்னாடியே ஏன் சொல்லல?"

"நீங்க குழந்தைக்காகப் பார்க்கிறீங்கன்னு யாருமே சொல்லலையே."

கல்யாணமான இளவயதுக்காரன். அவனிடம் பசி கேட்டார், தூக்கம் கேட்டார், மலச்சிக்கல்கூடக் கேட்டார். பிள்ளை வேண்டுமா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. நோய் எனக்கு வந்திருந்தால், உண்டாகிவிடாதே என்று முதல் நாளே மிரட்டி அனுப்பியிருப்பார்கள்.

திரும்பி வரும்போது கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் அவர் மெல்லச் சொன்னார்: "எனக்கும் தெரியாதுல்ல."

"மாத்திரை விஷயம் தெரியாது, சரி. மகாராஜபுரத்துப் பொண்ணு வேண்டாம்னு சொல்லவுமா தெரியாது?"

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் குரலைத் தாழ்த்தவில்லை.

சோதனைக்குச் சம்மதித்தார். டாக்டர் சொன்னதுதான் சரி, விந்தணு குறைவாகத்தான் இருந்தது. மாத்திரையை நிறுத்தச் சொல்லி, வலிக்கு மட்டும் வேறு மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாதங்களில் வலி முழுதாகத் திரும்பியது. செருப்பு மாட்டக் குனிய முடியாமல் நிற்பார். அவர் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் விடியுமுன் எழுந்து அவருக்கு வெந்நீர் வைத்தேன். இரண்டும் ஒரே மனதில்தான் இருந்தன.

மாமியார் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி, "மாத்திரைய நிறுத்த வச்சு எம் மவனக் கொல்லுதாளே!" என்றார்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தார். "நிறுத்துனது நான்மா. குறை எங்கிட்ட, அவகிட்ட இல்ல. இனி அவள ஒரு சொல்லு சொன்னா நாங்க தனியாப் போயிருவோம்."

மாமியார் உள்ளே போய்விட்டார். எத்தனையோ வருஷம் முன்னால் வந்திருக்க வேண்டிய வார்த்தை அது.

அடுத்த வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு மகள் பிறந்தாள். நான் உண்டானது தெரிந்ததுமே அவர் மாத்திரையை மறுபடி ஆரம்பித்திருந்தார், நிமிர்ந்து நடந்துதான் பார்க்க வந்தார். பேர் வைக்கிற அன்று வீடு நிறையக் கூட்டம். மாமியார் எல்லோரிடமும், "நான் நேந்துக்கிட்டது வீண் போகல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கணவர் வழிப் பெரியம்மா ஒருத்தி என் தாடையைத் தொட்டு, "எப்படியோ உங்குறை தீந்துச்சே தாயி" என்றாள்.

"எனக்குக் குறையே இருந்ததில்ல பெரியம்மா" என்றேன்.

சத்தமாகவே சொன்னேன். கூடம் முழுக்கக் கேட்டிருக்கும். ஒருத்தரும் அதென்ன என்று கேட்கவில்லை. இலை போட்டாச்சு, எல்லோரும் சாப்பிட வாங்க என்றார் மாமியார்.